கைகால் ரத்தத்தடையும் இதயப் பாதுகாப்பும்

காலுக்கோ கைக்கோ போகும் ரத்தத்தைச் சில நிமிடங்கள் தடுத்து, மறுபடி ஓடவிட்டு, இதைச் சிலமுறை செய்தபின் இதயத் தமனியை அடைத்தால், இதயத் தசை குறைவாகவே சாகிறது. பல விலங்கினங்களில் காணப்பட்ட இந்த விளைவு கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்படுகிறது.

இதன் தொடக்கம் காலில் இல்லை, இதயத்திலேயே இருந்தது. 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி, ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரைமர் ஆகியோர் நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தனர். பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, முன்தயாரிப்பு இல்லாத நாய்களில் ஏற்பட்ட தசைச் சேதத்தில் கால் பங்கே இவற்றில் ஏற்பட்டது. அடைப்பு மூன்று மணி நேரம் நீடித்தால் இந்தப் பயன் கிடைக்கவில்லை. அதாவது, முன்தயாரிப்பு தசையின் சாவைத் தள்ளிப்போட்டதே தவிர, தடுத்துவிடவில்லை.

1993இல் கரின் பிரிசிக்லெங்க் குழுவினர் நாய் இதயத்தின் ஒரு தமனிக்கிளையைத் தயார்படுத்தி, வேறொரு கிளை ஊட்டும் பகுதியும் காக்கப்படுவதைக் கண்டனர். காப்பு இடம் தாண்டிப் போகிறது என்றால் எவ்வளவு தூரம் போகும்? 1996இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் எலிகளின் குடல் தமனியை 15 நிமிடம் அடைத்துத் திறந்தபோதும் இதயம் பயன்பெற்றது. திறக்காமல் விட்டாலோ, நரம்புமுடிச்சுகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாலோ பயன் இல்லை. ஆகவே காப்பை எழுப்புவது தடை மட்டுமன்று, ரத்தம் திரும்புவதும் நரம்புகளும் சேர்ந்தே. மறு ஆண்டு பிர்ன்பாம், ஹேல், குளோனர் மூவரும் முயல்களின் பின்னங்கால் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே கெண்டைக்கால் தசையை மின்தூண்டலால் உழைக்க வைத்தனர். இரண்டும் சேர்ந்தபோதுதான் இதயச் சேதம் குறைந்தது.

2002இல் வெளியான கர்பந்தா குழுவின் ஆய்வே துறையின் போக்கை மாற்றியது. பன்றிகளின் பின்னங்காலில் ஐந்து நிமிடத் தடையை நான்கு முறை உண்டாக்கியபின், இதயத்தில் ஆபத்துக்குள்ளான பகுதியில் இறந்த தசையின் அளவு 53 விழுக்காட்டிலிருந்து 26 ஆகச் சரிந்தது. அறுவை ஏதுமில்லை; ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கொண்டே மனிதரிடமும் செய்யலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்தே வந்தது.

செய்தி இதயத்தை எப்படி அடைகிறது என்பதற்கு நரம்பு மட்டும் விடையாகாது. 2005இல் காலில் தடை உண்டாக்கப்பட்ட பன்றிக்கு வேறொரு பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. நரம்புத் தொடர்பற்ற அந்த இதயமும் காக்கப்பட்டது. 2009இல், கைத்தடைக்கு உட்பட்ட மனிதரின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவம் முயலின் இதயத்தையே காத்தது. ரத்தத்தில் பயணிக்கும் பொருள் ஒன்று உண்டு என்பதற்கு இவை வலுவான சான்றுகள்.

நோயாளிகளிடம் இந்தப் பலன் கைகூடவில்லை. சிறிய சோதனைகள் தொடக்கத்தில் ஊக்கமளித்தன. ஆனால் 2015இல் இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த இரு பெரிய சோதனைகளும் பயன் காட்டவில்லை. 2019இல் ஐரோப்பாவில் 5,401 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட சோதனையில், ஓராண்டுக்குள் இதயநோயால் இறந்தோரும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தோரும் கைத்தடை பெற்றவர்களில் 9.4 விழுக்காடு, பெறாதவர்களில் 8.6. ஆய்வக விலங்குகள் பெரும்பாலும் இளமையும் நலமும் உள்ளவை. நோயாளிகளோ முதியோர், சர்க்கரை நோயினர், பல மருந்துகள் உட்கொள்வோர். அறுவைச் சோதனைகளில் பயன்பட்ட புரோபோஃபால் மயக்க மருந்தும் காப்பைக் குலைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் ஐயம். முதிய, நோயுற்ற விலங்குகளில் சோதிப்பதே இத்துறையின் அடுத்த படியாக இருக்க வேண்டும்.