சுங்கச் சாவடியில் பிறந்த கணிப்பொறிக் கலை

நம் குடியிருப்பில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அரிது. மாலை வேளையில் எந்த வாசலைக் கடந்து சென்றாலும் நான்கு ஆங்கிலச் சொற்கள் காதில் விழும்: என்காப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம். சென்ற கோடை விடுமுறையில் என் மூத்த மகளும் கூடத்தில் நடந்தபடியே இவற்றை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பொருள் கேட்டேன், பிழையின்றி ஒப்பித்தாள். "சரி அம்மா, இது எதற்காக ஏற்பட்டது?" என்றேன். விழித்தாள். பயிற்சி நிலையத்தில் அதைச் சொல்லித் தரவில்லையாம். "எனக்கு இது வராது அப்பா, வேறு ஏதாவது படிக்கிறேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். கட்டிய பணம் போனது ஒரு புறம் இருக்கட்டும். புரியாமற் போனதைத் தன் அறிவின் குறை என்று அவள் எண்ணிக்கொண்டதுதான் என்னை வருத்தியது.

நானோ மெட்ரிகுலேஷன் தேறி ரெயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எனினும் ஒரு கலை தோன்றிய கதையை அறிந்தால் கலையும் சிறிது பிடிபடும் என்ற நம்பிக்கையில் நூல்களைத் தேடிப் படிக்கலானேன். ஐயம் எழுந்த இடங்களில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பகுதி நண்பர் ஒருவர் விளக்கினார். அவ்வாறு அறிந்தவற்றையே மலர்க் குழுவினர் பணித்தபடி இங்கு எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைத் தொகுதியே புரோகிராம். ஆதியில் அது சமையற் குறிப்பைப் போல எழுதப்பட்டது: முதலில் இதைச் செய், பின்பு அதைச் செய். விவரங்கள் ஒரு பக்கமும், அவற்றை வைத்துச் செய்யும் காரியங்கள் மற்றொரு பக்கமுமாகக் கிடந்தன. சம்பளப் பட்டியல் போட அது போதும். நார்வே நாட்டினர் இருவருக்கு அது போதவில்லை.

ஒருவர் கிறிஸ்டன் நிகார்ட். 1926-ல் பிறந்தவர், ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றிவிட்டு, 1960-ல் ஆஸ்லோ நகரத்து நார்வே கணிப்பு நிலையத்துக்கு வந்தார். மற்றவர் அவருடைய பழைய சகா ஓலே-யோஹான் தால். புரோகிராம் எழுதுவதில் வல்லவர். துறைமுகத்துக்கு இத்தனை கப்பல்கள் வந்தால் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கும், தொழிற்சாலையில் எந்த இடத்தில் வேலை தேங்கும் என்பவற்றை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதே நிகார்டின் நாட்டம்.

இத்தகைய கணக்கில் கப்பல் என்பது வெறும் எண் அன்று. அதற்குப் பெயர் உண்டு, சரக்கின் அளவு உண்டு, வந்து சேர்ந்த நேரம் உண்டு. காத்திருத்தல், சரக்கு இறக்குதல், புறப்படுதல் என்னும் செயல்களும் அதற்கு உரியவை. இவற்றைப் பிரித்து வைப்பானேன்? விவரத்தையும் செயலையும் ஒரே கட்டாகக் கட்டி, அக்கட்டையே கப்பல் எனக் கொண்டால் என்ன? இந்த எண்ணத்தில் 1962 முதல் இருவரும் உழைத்து ஆக்கிய மொழியே சிமுலா. அமெரிக்காவின் யூனிவாக் நிறுவனம் தன் 1107 என்னும் பெரிய யந்திரத்தை இவர்கள் நிலையத்துக்கு விலை குறைத்துத் தந்தது. பதிலுக்கு அந்த யந்திரத்தில் சிமுலாவை இயங்கச் செய்து தருவதாக இவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பேரம் பேசியதில் விளைந்த நன்மைகளுள் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

1966-ம் ஆண்டு முடிந்து 1967 பிறக்கும் சமயத்தில் அவர்களை ஒரு சங்கடம் வாட்டியது. பாலத்து முகப்பில் ஒரு சுங்கச் சாவடி; அங்கே வரிசையில் லாரிகளும் பஸ்களும் நிற்கின்றன. லாரிக்குச் சரக்கு, பஸ்ஸுக்குப் பிரயாணிகள். இரண்டுக்கும் தனித்தனி விவரம். ஆயினும் வரிசை ஒன்றுதான். வரிசையில் சேர்தல், நகர்தல், வரி கட்டி விலகுதல் ஆகியவை இரண்டுக்கும் பொது. லாரிக்கு ஒரு முறையும் பஸ்ஸுக்கு ஒரு முறையுமாக அவற்றை எழுதுவது வீண் வேலை. பின்னர் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால் பிழையும் நேரும். ஆகவே பொதுவானவற்றை "வாகனம்" என்னும் வகுப்பில் ஒரு முறை எழுதி, லாரியும் பஸ்ஸும் அதைச் சுவீகரித்துக்கொண்டு தமக்கு உரியவற்றை மட்டும் கூட்டிக்கொள்ளட்டும் என்று முடிவு கண்டார்கள். என் மகள் உருப்போட்ட இன்ஹெரிட்டன்ஸ் என்பது இதுவே. 1967 மே மாதம் ஆஸ்லோ அருகில் நடந்த ஒரு மாநாட்டில் இக்கருத்தை அவர்கள் வெளியிட்டனர். அவ்வாண்டின் பெயரைத் தாங்கிய சிமுலா 67-ல் வகுப்பும் உட்பிரிவும் நிலைபெற்றன.

(திணை, பால் என்று வகுத்த நம் இலக்கணத்திலேயே இது உண்டே என்று சொல்ல ஓர் அன்பர் முன்வந்தார். வகைப்படுத்துவது எல்லா மொழியினருக்கும் இயல்பு. அதை யந்திரத்துக்குக் கற்பித்தவர்கள் நார்வேக்காரர்கள். பிறர் உழைப்புக்கு நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை.)

இக்கலை மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1966-ல் யூட்டா சர்வகலாசாலைக்குப் புதிதாக வந்த ஆலன் கே என்னும் மாணவருக்கு, விளங்காத ஒரு புரோகிராமை விளங்கிக்கொள்ளும் வேலை தரப்பட்டது. ஆல்கால் என்ற வேறு மொழி என்று எண்ணப்பட்ட அது உண்மையில் சிமுலா. அச்சிட்ட தாளை நடைக்கூடம் நெடுகத் தரையில் விரித்துப்போட்டு ஆராய்ந்து அதன் சூட்சுமத்தைக் கண்டனர். கே உயிரியலும் பயின்றவர். உடலில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் தத்தம் உள்விவகாரத்தைத் தம்முள் அடக்கி, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வாழ்வதுபோல, புரோகிராமும் சிறு சிறு பொருள்களாக ஏன் இயங்கலாகாது என்று அவர் சிந்தித்தார். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. பெயரில் பொருளை முன்னிறுத்தியதால், தலையாயதான செய்திப் பரிமாற்றத்தை மக்கள் மறந்துவிட்டனர் என்று பிற்காலத்தில் அவர் வருந்தி எழுதியதுண்டு.

கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் 1972-ல் கே தலைமையில் ஸ்மால்டாக் மொழி உருவாயிற்று. அதை யந்திரத்தில் இயக்கிக் காட்டியவர் டான் இங்கால்ஸ். யாருக்காக ஆக்கினார்கள்? குழந்தைகளுக்காக! அடீல் கோல்ட்பர்க் அம்மையார் பள்ளிச் சிறுவர் சிறுமியரை அழைத்து அதைக் கற்பித்தார். சிறுவர்கள் திரையில் ஒரு பெட்டியை வரைந்து, அதைத் திருப்பியும் வளர்த்தும் விளையாடியே பொருள், வகுப்பு என்பவற்றை உணர்ந்தார்கள். இதை வாசித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துச் சற்று நேரம் பேசாதிருந்தேன். பன்னிரண்டு வயதுக் குழந்தை விளையாடிக் கற்றதை, இருபது வயதுப் பெண் கண்ணீரோடு உருப்போடும்படி நாம் செய்துவிட்டோமே!

இன்று மேசைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல்கள் திறக்கின்றனவே, அவ்வமைப்பு ஸ்மால்டாக்கில் வளர்ந்தது. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு பொருள். மவுஸை அழுத்தினால் அதற்கு ஒரு செய்தி போகிறது. 1979-ல் அங்கு வந்து தங்கியிருந்த மற்றொரு நார்வேக்காரர், ட்ரிக்வே ரீன்ஸ்காக், மேலும் ஒரு முறையை வகுத்தார். விவரங்களை வைத்திருப்பது ஒரு பொருள், அவற்றைத் திரையில் காட்டுவது வேறொரு பொருள், பயன்படுத்துவோரின் கட்டளையை ஏற்பது மூன்றாவது பொருள். முன்பதிவு கவுண்டரில் சில காலம் இருந்த எனக்கு இது எளிதில் விளங்கிற்று. பதிவேடு ஒன்று, அறிவிப்புப் பலகை ஒன்று, ஜன்னலில் அமர்ந்த குமாஸ்தா ஒருவர். பலகையின் வர்ணத்தை மாற்றுவதற்காகப் பதிவேட்டைத் திருத்துவார் உண்டோ?

1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்நிலையத்தைப் பார்வையிட்டதும், ஜன்னல் முறையோடு 1984-ல் மெக்கின்டாஷ் விற்பனைக்கு வந்ததும் பலரும் அறிந்தவை. பலர் அறியாதது ஒன்று. பின்னர் ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் யந்திரத்தில், பொருள்நோக்கு மொழியான அப்ஜெக்டிவ்-சி-யில்தான், 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணைய உலாவியை எழுதினார். மேசையிலிருந்து வலைக்குக் கலை தாவிய இடம் அது. டென்மார்க்கில் பிறந்த ஸ்ட்ரௌஸ்டிரப் சிமுலாவின் அமைப்பைச் சி மொழியில் புகுத்தி 1979-ல் தொடங்கிய முயற்சி, 1983-ல் சி++ எனப் பெயர் பெற்றது. 1995-ல் ஜாவா வெளியாயிற்று. அதே ஆண்டில் வலைப்பக்கங்களுக்கெனத் தோன்றிய பிஎச்பி, பொருள்நோக்கை முழுமையாக ஏற்றது 2004-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். ரீன்ஸ்காகின் மூன்று பங்கு முறையோ இன்று வலைப்பக்கம் அமைப்போர் பலருக்கும் அரிச்சுவடி ஆகிவிட்டது.

தாலும் நிகார்டும் 2001-ம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசைப் பெற்றனர். 2002 ஜூன் 29-ல் தால் காலமானார். ஆகஸ்டு 10-ல் நிகார்டும் மறைந்தார். இடையே ஆகஸ்டு 3-ல் நம் ரெயில்வேயின் இணையவழி டிக்கெட் விற்பனை தொடங்கியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. காலம் அவ்வாறு அமைந்தது.

இக்கதையை மூன்று இரவுகள் மகளுக்குச் சொன்னேன். நான்காம் நாள் அவளாகவே புத்தகத்தைத் திறந்து, முன்பதிவு கவுண்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அமைக்கத் தொடங்கினாள். டிக்கெட் என்பது ஒரு வகுப்பு. உறுதியானது, ஆர்ஏசி, காத்திருப்போர் பட்டியல் என்று அதற்கு மூன்று உட்பிரிவுகள் வகுத்துப் பெருமையுடன் காட்டினாள். எனக்கு உறுத்தியது. "காலையில் காத்திருப்போர் பட்டியலில் இருந்த டிக்கெட் மத்தியானம் ஆர்ஏசி ஆகும், மாலையில் உறுதியாகும். லாரி நடுவழியில் பஸ் ஆகுமா, அம்மா?" என்றேன்.

வெகுநேரம் யோசித்தாள். பிறகு மூன்று உட்பிரிவுகளையும் அடித்துவிட்டு, "நிலை" என்று டிக்கெட்டுக்குள்ளேயே ஒரு விவரமாக எழுதிக்கொண்டாள்.