வினைப்பலகையும் பனுவலும்: ‘மங்கி ஐலண்ட்’ மறுபதிப்பை முன்வைத்து

லூக்காஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ கணினி விளையாட்டின் சிறப்புப் பதிப்பை 2009-இல் வெளியிட்டது. விளையாட்டின் நடுவே எஃப்10 விசையை அழுத்தினால், புதிதாகத் தீட்டிய காட்சி விலகி 1990-இன் பழைய காட்சி அதே இடத்தில் வந்து நிற்கும். மூலத்தையும் திருத்தத்தையும் ஒரே அட்டைக்குள் கட்டித்தந்த நேர்மையான பதிப்புமுறை இது. ஆனால் விசையை நாலைந்து முறை மாற்றி மாற்றி அழுத்துபவர் கண்ணில் ஓவியத்தைத் தாண்டி வேறொன்றும் படும். பழைய திரையின் அடிப்பகுதியை அடைத்துக்கொண்டிருந்த வினைச்சொற்கள் புதிய திரையில் இல்லை, கூப்பிட்டால்தான் வருகின்றன. அவற்றைத் துணைக்கருவி என்று கருதி ஒதுக்கியதில் கதைசொல்லலின் ஒரு பகுதியும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தச் சொற்கள் திரைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சியரா நிறுவனத்துக்காக ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கிய ‘கிங்ஸ் குவெஸ்ட்’ (1984) ஆட்டத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். கணினிக்கு எந்தச் சொல் தெரியும் என்று ஊகிப்பதே பாதி வேலை. 1987-இல் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் ‘மேனியக் மேன்ஷன்’ ஆட்டத்தில் பதினைந்து கட்டளைகளைத் திரையிலேயே அச்சிட்டு வைத்தார்கள். ‘மங்கி ஐலண்ட்’ முதலில் வந்தபோது அவை பன்னிரண்டாயின. 1993-இல் வந்த ‘டே ஆஃப் த டென்டக்கிள்’ ஒன்பதோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டின் ‘மிஸ்ட்’ ஒன்றையும் வைக்கவில்லை. கிளிக் செய்தால் போதும். சிக்கலிலிருந்து எளிமைக்கு நடந்த முன்னேற்றம் என்றே இந்த வரிசையை வாசிக்கத் தோன்றும்.

அந்த வாசிப்பை ‘மங்கி ஐலண்ட்’ ஆட்டத்தின் ஆளுநர் மாளிகைக் காட்சி மறுக்கிறது. நாயகன் கைபிரஷ் த்ரீப்வுட் சுவரில் உள்ள ஓட்டைக்குள் நுழைகிறான். உள்ளே நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது. தட்டுமுட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. கீழே, வழக்கமாக ஆட்டக்காரரின் கட்டளை தெரியும் வரியில், அவர் மவுஸைத் தொடாமலேயே கட்டளைகள் ஓடுகின்றன: ஸ்டேபிள் பிடுங்கியைக் கொண்டுபோய் ஒரு பயங்கரமான யாக் எருதின் மேல் பயன்படுத்தச் சொல்கிறது ஒன்று. யாக் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள்? பதில் கிடையாது. அதுவரை நம் கையில் இருந்த வரி சட்டென்று கதைசொல்லியாகிவிடுகிறது. காட்டாத காட்சியை இலக்கணமே நடித்துக்காட்டுகிறது.

சற்று நேரத்தில் இன்னொன்று. கனத்த சிலையோடு சேர்த்துக் கட்டி கைபிரஷைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். சுற்றிலும் கூரான ஆயுதங்கள் கிடக்கின்றன, எதுவும் கைக்கெட்டாது. கயிற்றை அறுக்கத் தவிக்கும் ஆட்டக்காரருக்கு, சிலையையே கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம் என்பது எளிதில் உறைக்காது. ‘எடு’ என்ற கட்டளையோ முழு நேரமும் கண்முன் இருக்கிறது. பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று பெருமையடித்தவன் அவன். உண்மையிலேயே பத்து நிமிடம் விட்டுவிட்டால் செத்துப்போகிறான். அப்போது வினைப்பலகையும் மாறுகிறது: மிதப்பது, உப்புவது, அழுகுவது. கூடவே, துப்புப் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுக்கும்படி ஒரு யோசனை! பலகை எப்போதும் அங்கேயே இருந்து பழகிய கண்ணுக்குத்தான் இந்த நகைச்சுவை முழுதாக எட்டும்.

இழப்பு நகைச்சுவையோடு நிற்கவில்லை. சிறைப்பூட்டை உருக்க கிராக் என்னும் சாராயத்தைக் கொண்டுபோக வேண்டும். அது குவளையையே அரித்துவிடும். ஓட்டை விழுவதற்குள் அடுத்த குவளைக்கு மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே ஊரைக் கடக்க வேண்டும். பழைய திரையில் கட்டளையும் குவளைகளும் அருகருகே இருப்பதால் இது பரபரப்பான விளையாட்டு. புதிய தோற்றத்தில் இரண்டையும் தனித்தனியே திறக்க வேண்டியிருப்பதால் விரல்களோடுதான் போராட்டம். இங்கே எஃப்10-ஐ அழுத்திப் பழைய திரைக்கு ஓடுவதே நல்லது.

பழையது எல்லாமே பொன் என்று இதற்குப் பொருளில்லை. ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ (1990) ஆட்டத்தில் பூனை துரத்தும் எலியைக் காப்பாற்றத் தவறினால், வெகுநேரம் கழித்து ஒரு விடுதியின் நிலவறையில் மீள வழியின்றிச் சிக்கிக்கொள்வோம். தவறு எங்கே நடந்தது என்றுகூட ஆட்டம் சொல்லாது. இத்தகைய கொடுமைகளைக் கண்டித்துக் கில்பர்ட் 1989-லேயே கட்டுரை எழுதினார். விளக்கைப் போடவும் அணைக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருந்ததையும் யாரும் தேடப்போவதில்லை. பன்னிரண்டு ஒன்பதானது நல்ல திருத்தம். ஒன்பதைக் கண்ணுக்கு மறைத்தது வேறு வகைச் செயல்.

2001-இல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸும் வின்சென்ட் ஹாமும் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ என்னும் மென்பொருள் எதிர்த்திசையில் போனது. லூக்காஸ் ஆட்டங்களில் கதைக்கான நிரல் தனிக்கோப்பாகவும் அதை இயக்கும் எந்திரம் தனியாகவும் இருந்தன. எந்திரத்தை மட்டும் புதிதாக எழுதிவிட்டால், பழைய கோப்பு கைபேசியிலும் வரி பிசகாமல் ஓடும். தன்னார்வலர்களின் இந்த முறையில் வினைப்பலகை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கில்பர்ட்டின் பிற்கால ஆட்டங்களும் இவ்வழக்கில் சாட்சியாகின்றன. ‘திம்பிள்வீட் பார்க்’ (2017) ஒன்பது கட்டளைகளையும் திரையில் மீண்டும் நிறுத்தியது. ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ (2022) பலகையைக் கைவிட்டது. ஆனால் ஒரு பொருளின் மேல் சுட்டியை வைத்தால், கைபிரஷ் அதை என்ன செய்ய நினைக்கிறான் என்பது அவன் குரலுக்கேற்ற வாக்கியமாகவே திரையில் தோன்றும். 2009-இன் பதிப்பாளர்கள் ஓரங்கட்டிய கதைசொல்லியை, பலகை இல்லாமலே கில்பர்ட் திரும்ப அழைத்துவந்திருக்கிறார்.