அணி இலக்கணம்

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். பிள்ளை வக்கீலுக்குப் படித்தால் யாரும் கேட்பதில்லை. என்ஜினீயருக்குப் படித்தாலும் கேட்பதில்லை. அணுவுக்குள்ளே கிடக்கும் துகள்கள் எந்த நியதிக்குக் கட்டுப்படுகின்றன என்று அவன் காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தால் மட்டும், சாய்வு நாற்காலியில் இருக்கும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து விடுகிறார். அந்தப் பெரியவருக்கு மயிலாப்பூரின் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. பதில் கிடைக்கக் கொஞ்சம் காலம் ஆயிற்று, அவ்வளவுதான்.

லஸ் பகுதியில் 'ஏகாம்ர நிவாஸ்' என்பது பெயர் பெற்ற வீடு. அரசியல் சாசனத்தின் வரைவுக் குழுவில் இருந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரின் இல்லம் அது. அவருடைய குமாரர் ராமகிருஷ்ணன், 1923-ல் பிறந்தவர், மனிதர்கள் எழுதும் சட்டத்தை விட்டுவிட்டு இயற்கையின் சட்டத்தை ஆராயப் புறப்பட்டார். ஹோமி பாபாவிடம் பயின்றார். மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னை சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1957-58-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் கழகத்தில் தங்கி, புதிய கருத்துக்கள் அன்றாடம் விவாதிக்கப்படுவதைக் கண்டார். ஊர் திரும்பியதும் அப்படி ஒரு கழகம் இங்கே இல்லையே என்று ஏங்கி உட்கார்ந்துவிடவில்லை. தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டுப் பௌதிகத்தில் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார்.

1960 ஜனவரியில் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவர் அணுவின் அமைப்பை விளக்கி 1922-ல் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர். அவர் இந்தியாவில் தம் மனத்தைக் கவர்ந்தவற்றைச் சொன்னபோது, பம்பாயின் பெரிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தோடு சென்னையின் இந்தச் சின்னக் கூட்டத்தையும் சேர்த்துச் சொன்னார். அப்போது சென்னை ராஜ்யக் கல்வி மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம் இதில் அக்கறை கொண்டார். 1961 அக்டோபரில் பிரதம மந்திரி நேருஜி சென்னை வந்தபோது ராமகிருஷ்ணனின் மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3-ந் தேதி, பிரஸிடென்ஸி கல்லூரியில், கணித விஞ்ஞான நிறுவனம் திறப்பு விழாக் கண்டது. அதே கல்லூரியில் படித்து உலகப் புகழ் பெற்ற எஸ். சந்திரசேகர் விழாவுக்கு வந்திருந்தார்.

சரி, அங்கே என்னதான் செய்தார்கள்? ஒரு துளி பார்ப்போம்.

கதவைத் திறந்து உள்ளே போவது ஒன்று. உள்ளே போய்க் கதவைத் திறப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் நெற்றிதான் வீங்கும். நாம் பள்ளியில் படித்த பெருக்கலில் இந்த வம்பு இல்லை. மூன்றை ஐந்தாலும், ஐந்தை மூன்றாலும் பெருக்கினால் விடை ஒன்றே. ஆனால் எண்களை வரிசை வரிசையாகக் கட்டங்களில் நிறுத்தி 'மேட்ரிக்ஸ்' ஆக்கிவிட்டால், எது முன், எது பின் என்பது முக்கியமாகிவிடுகிறது. 1928-ல் டிராக் என்ற ஆங்கில விஞ்ஞானி எலெக்ட்ரானுக்குச் சமன்பாடு எழுதியபோது, அவருக்கு நான்கு மேட்ரிக்ஸுகள் தேவைப்பட்டன. ஒன்றைத் தன்னாலேயே பெருக்கினால் ஒன்று வரவேண்டும். இரண்டை இடம் மாற்றிப் பெருக்கினால் கூட்டல் குறி கழித்தல் குறியாக வேண்டும். இந்தச் சிறு விதியிலிருந்து எலெக்ட்ரானின் எதிர்த் துகளே வெளிவந்தது. 1932-ல் அதைப் பரிசோதனையில் கண்டுவிட்டார்கள்.

ராமகிருஷ்ணன் கேட்ட கேள்வி இது: இரண்டு தடவை பெருக்கினால் ஒன்று என்பதற்குப் பதிலாக, மூன்று தடவை, நான்கு தடவை பெருக்கினால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்தப் பாதையில் ஹெர்மன் வெய்ல் போன்றவர்கள் முன்பே அடிவைத்திருந்தார்கள். ராமகிருஷ்ணனும் மாணவர்களும் இதை வருஷக்கணக்கில் வளர்த்தார்கள். 1972-ல் வெளிவந்த அவருடைய நூலுக்கு, 'டிராக் மேட்ரிக்ஸுகளின் இலக்கணம்' என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். மேட்ரிக்ஸைத் தமிழில் 'அணி' என்கிறோம். அணி இலக்கணம் நம் ஐந்திலக்கணத்தில் ஒன்றாயிற்றே! தமிழ்ப் புலவர்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

இலக்கணம் தேடும் ஆசை அந்தக் காலத்தில் தாம்பரத்திலும் இருந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-ல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்தார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் சிறு கோலம் எப்படிப் பெரிய கோலமாகிறது என்பதே விஷயம். எந்த இலக்கணத்துக்கு எவ்வளவு ஞாபகசக்தியுள்ள யந்திரம் வேண்டும் என்பது கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் மூலாதாரமான கேள்விகளில் ஒன்று. அதற்கு மயிலை மாடவீதிப் பெண்கள் விடியற்காலையில் போடும் கோலமே உதாரணமாயிற்று.

ராமகிருஷ்ணன் 1983 வரை இயக்குநராக இருந்தார். நிறுவனமும் அடையாறை அடுத்த தரமணிக்குக் குடிபோயிற்று. அங்கே பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் பக்கத்து அறையில் கோட்பாட்டுக் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் குடிவந்தது. 1989-ல் தியாகராய நகரில் சி. எஸ். சேஷாத்ரி தொடங்கிய கணிதப் பள்ளியிலும் அந்த விஞ்ஞானத்துக்கு இடம் இருந்தது. அந்தப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமாக நிற்கிறது.

இனிப் பெரியவருக்குப் பதில். இன்று உலகெங்கும் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்ய முயன்று வருகிறார்கள். சாதாரணக் கம்ப்யூட்டரின் மூலக்கரு, பூஜ்யம் அல்லது ஒன்று. குவாண்டம் யந்திரத்தில் இரண்டு நிலைக்குப் பதில் மூன்று, நான்கு நிலைகளையும் பயன்படுத்தலாம். அப்போது நிலையை மாற்றவும், நேர்ந்த பிழையை வகைப்படுத்தித் திருத்தவும் கையாளும் கருவிகள் எவை தெரியுமா? மூன்று தடவை பெருக்கினால் ஒன்று, நான்கு தடவை பெருக்கினால் ஒன்று என்ற அதே அணிகள்தாம்! பௌதிகத்துக்கு எழுதிய இலக்கணம் யந்திரத்தின் பாஷைக்கும் பொருந்திவிட்டது.

2008-ல் காலமான ராமகிருஷ்ணன் இந்தப் பிரயோஜனத்தை எண்ணி அந்த வேலையைத் தொடங்கவில்லை. விதி அழகாயிருந்தது, அதன் எல்லை எது என்று பார்க்க விரும்பினார். 1962-ல் எந்த மந்திரியாவது, "பிரயோஜனத்தை எழுதிக் கொடு, பிறகு பணம் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால், அந்தக் காகிதம் வெறுமையாகவே இருந்திருக்கும். நல்ல வேளை, சுப்பிரமணியம் அப்படிச் சொல்லவில்லை. இனி வரும் மந்திரிகளும், சாய்வு நாற்காலிப் பெரியவர்களும் அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.