குரல்வளை மரு நோய்

குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் புற்றல்லாத மருக்கள் முளைத்து, எடுக்க எடுக்க மீண்டும் வளர்ந்து, குரலையும் மூச்சையும் அடைக்கும் நோய். மருத்துவ நூல்கள் இதை மீளும் சுவாசப் பாப்பிலோமா நோய் என்று குறிக்கின்றன. மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். பிறப்புறுப்பில் மரு உண்டாக்குபவையும் இவையே. கருப்பைவாய்ப் புற்றோடு தொடர்புடைய 16, 18 வகைகளின் போக்கு வேறு.

நோய் அரிது. 1990களில் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் குழந்தைகளில் லட்சத்துக்கு ஏறத்தாழ 4 பேருக்கும் பெரியவர்களில் 2 பேருக்கும் ஆண்டுக்கு இது புதிதாக வந்தது. ஆனால் வந்தவர்களை லேசில் விடுவதில்லை. கடுமையாகத் தாக்கப்பட்ட சில பிள்ளைகள் பள்ளிப் பருவம் முடிவதற்குள் அறுவைக்காக நூறு தடவைக்கு மேல் மயக்க மருந்து வாங்கியிருப்பார்கள். புற்று இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது. வளரும் இடம் அப்படி. ஒரு கைக்குழந்தையின் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூச்சுவழியில் உட்சுவரைச் சுற்றி 1 மில்லிமீட்டர் தடிப்பு ஏறினால், காற்று போகும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும்.

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது. தலைப்பிள்ளை, இளவயதுத் தாய், சுகப்பிரசவம் ஆகிய மூன்றும் பல நோயாளிகளின் வரலாற்றில் சேர்ந்தே காணப்படுகின்றன. பிரசவ சமயத்தில் தாய்க்குப் பிறப்புறுப்பு மரு இருந்தாலும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 7 பேருக்கே நோய் வந்ததாக ஒரு டென்மார்க் ஆய்வு கண்டது. ஆகவே மரு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்வது வழக்கமில்லை. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இதில் இடமில்லை: உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் குடும்பத்தோடு தொடர்பு கொண்டவர்கள்தாம்.

முதல் அறிகுறி குரல் கம்முவது. கைக்குழந்தையானால் அழுகை அடைத்த மாதிரி கேட்கும். இளைப்பும், மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஓசையும் பின்னால் வருகின்றன. இதை ஆஸ்துமா என்றோ சளி என்றோ எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது உலகெங்கும் நடக்கும் பிழை. இதைத் தவிர்க்க வழி உண்டு. சளி, காய்ச்சல் தணிந்த பிறகும் வாரக்கணக்கில் குரல் திரும்பாத எந்தக் குழந்தைக்கும், மூக்கு வழியே மெல்லிய எண்டோஸ்கோப் செலுத்திக் குரல்நாண்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அங்கே மரு தெரியும் விதம் தனி: முசுக்கட்டைப் பழம்போல இளஞ்சிவப்பாக, கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளியோடு நிற்கும். அந்தப் புள்ளி உள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்.

உயிருள்ள மனிதரின் குரல்வளையைக் கண்ணால் பார்ப்பது, மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854இல் சிறு கண்ணாடி ஒன்றால் தன் குரல்நாண்களையே பார்த்த பிறகுதான் கைவந்தது. லண்டன் மருத்துவர் மொரெல் மெக்கன்சி 1871இல் குரல்வளைக் கட்டிகள் பற்றி நூல் எழுதி, பாப்பிலோமாவைத் தனித்து விவரித்தார். 1887இல் ஜெர்மன் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கின் குரல்நாண் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தவரும் இவர்தான். ஜெர்மன் மருத்துவர்கள் புற்று என்றார்கள். துணுக்கைச் சோதித்த நோயியல் வல்லுநர் ருடால்ஃப் ஃபிர்ஹோ புற்றுக்கு ஆதாரம் காணவில்லை. திட்டமிட்டிருந்த பெரிய அறுவை கைவிடப்பட்டது. இளவரசர் பேரரசராகி 99 நாள் ஆண்டு, 1888 ஜூனில் அந்தப் புற்றாலேயே இறந்தார். மேலாக எடுத்த ஒரு துணுக்கை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி மருத்துவத்தில் குறைவு. மரு மிகச் சிலருக்கு நாளடைவில் புற்றாக மாறுவதும் உண்டு. அதனால்தான் பழைய நோயாளியானாலும் அறுவையின்போது திசுவைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு தொற்று என்று காட்டியவர் வியன்னா மருத்துவர் எரிக் உல்மன். 1923இல் அவர் ஒரு சிறுவனின் குரல்வளை மருவை அரைத்துத் தன் கையில் செலுத்திக்கொண்டார். அங்கே மரு முளைத்தது. வைரஸின் 11ஆம் வகை 1980களின் தொடக்கத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டதும் குரல்வளை மரு ஒன்றிலிருந்துதான்.

அறுவை சிகிச்சை

சிகிச்சையின் அடிப்படை இன்னும் அறுவைதான். வாய் வழியாகவே செய்கிறார்கள். கழுத்தில் கத்தி படுவதில்லை. மயங்கிய நோயாளியின் வாய்க்குள் உலோகக் குழல் ஒன்றை நாக்குக்கு மேலாக இறக்கி, மார்பின் மேல் ஊன்றும் தாங்கியில் மாட்டி நிறுத்துவார்கள். மருத்துவரின் இரு கையும் அப்போது வேலைக்குக் கிடைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தபடி, நீளமான கருவிகளால் மருவை எடுத்து, அட்ரினலினில் நனைத்த சிறு பஞ்சை வைத்துக் கசியும் இரத்தத்தை நிறுத்துவார்.

சிக்கல் என்னவென்றால், அறுக்க வேண்டிய இடமும் மூச்சு விட வேண்டிய இடமும் ஒன்றே. மயக்க மருத்துவர் குழாய் வைத்தால் மரு மறையும். வைக்காவிட்டால் நோயாளி தானே மூச்சு விடும் அளவுக்கு மயக்கத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். சில இடங்களில் மெல்லிய ஊசிக்குழல் வழியே காற்றைப் பீய்ச்சுகிறார்கள்; சில நேரம் ஒருசில நிமிடம் மூச்சை நிறுத்தி, அறுத்து, மறுபடி குழாய் விட்டு ஆக்சிஜன் தருகிறார்கள். அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இவ்வளவு நெருங்கிப் பேசிக்கொள்ளும் அறுவைகள் குறைவு.

கருவிகளில் காலத்துக்கொரு மோகம் இருந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஸ்ட்ராங், யாக்கோ ஆகிய மருத்துவர்கள் கார்பன் டையாக்சைடு லேசரைக் குரல்வளைக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தம் சிந்தாமல் மருவை ஆவியாக்கும் கருவி என்பதால் அது வேகமாகப் பரவியது. குறைகளும் வந்தன: ஆழமாகச் சுட்டால் தழும்பு விழும், லேசர், ஆக்சிஜன், பிளாஸ்டிக் குழாய் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் மூச்சுவழிக்குள்ளேயே தீப்பிடிக்கலாம். ஆகவே ஆக்சிஜனின் செறிவைக் குறைத்து, நோயாளியின் கண்ணையும் முகத்தையும் ஈரத் துணியால் மூடிய பிறகே லேசரை இயக்குவார்கள். எழும் புகையிலும் வைரஸின் மரபுப்பொருள் இருக்கும். பிறப்புறுப்பு மருக்களை லேசரால் சுட்டுவந்த ஒரு மருத்துவருக்கே குரல்வளை மரு வந்த செய்தி 1991இல் நார்வேயிலிருந்து வெளியானது.

இப்போது குழந்தைகளுக்குப் பல மருத்துவமனைகள் மைக்ரோடிப்ரைடரை விரும்புகின்றன. உறிஞ்சும் குழலுக்குள் சுழலும் கத்தி இது. உள்ளே இழுபட்டதை மட்டும் சீவும், சூடு கிடையாது. பெரியவர்களுக்கு 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள கேடிபி லேசர் வந்திருக்கிறது. அதன் ஒளியை இரத்தத்தின் சிவப்பணு நிறமி உறிஞ்சிக்கொள்வதால் மருவின் இரத்தக் குழாய்கள் வெந்து மரு சுருங்கும். தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதைச் செய்துகொள்ளலாம்.

ஆனாலும் கருவியைவிடக் கை அடக்கமே இங்கே முக்கியம். வைரஸ் மருவில் மட்டும் இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் சுற்றுச் சவ்விலும் உறங்குகிறது. எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அதை வேரறுக்க முடியாது. வெட்டுபவர் குரலைத்தான் அறுப்பார். இரு குரல்நாண்களும் முன்புறம் கூடும் மூலையில் இருபக்கமும் ஒரே நாளில் சுத்தம் செய்தால், புண்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிரந்தரத் திரை விழும். எனவே அனுபவசாலிகள் அங்கே ஒருபக்கத்தில் கொஞ்சம் மருவை வேண்டுமென்றே விட்டுவைத்து அடுத்த முறை எடுப்பார்கள். மூச்சு தடையின்றிப் போக வேண்டும், குரல் பிழைக்க வேண்டும் என்பதே இலக்கு.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமியை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். மூச்சு முற்றிலும் அடைபடும் நிலையில் அது உயிரைக் காக்கும். ஆனால் துளையைச் சுற்றி மரு புதிதாகப் பிடித்துக் கீழ்நோக்கி இறங்கக்கூடும். நுரையீரல்வரை இறங்கிய நோய் மிகச் சிலருக்கே வரும். கத்தி எட்டாத அந்த இடம்தான் மிக ஆபத்தானது.

மருந்துகள்

ஆண்டுக்கு நான்கு அறுவைக்கு மேல் தேவைப்பட்டாலோ, மரு கீழே பரவினாலோ மருந்தும் சேர்க்கப்படுகிறது. 1980களில் இன்டர்ஃபெரான் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. தொடக்கத்தில் தெரிந்த பலன் நிலைக்கவில்லை என்று அதே பத்தாண்டு முடிவதற்குள் தெரிந்துபோனது. அடுத்து, கண்ணைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்க்காக வந்த சிடோஃபோவிரை மரு இருந்த இடத்திலேயே ஊசியாகப் போட்டார்கள். விலங்குச் சோதனைகளில் புற்று உண்டாக்கியதால் அதன் மேல் சந்தேகம் தொடர்கிறது.

நிலைமையை உண்மையிலேயே மாற்றியது பெவாசிசுமாப். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் புற்று மருந்து அது. சில வார இடைவெளியில் சிரை வழியே ஏற்றப்படுகிறது. மருவின் உயிர் இரத்தக் குழாயில் இருப்பதால், நுரையீரல் நோய் உள்ளவர்களிடம்கூட மரு சுருங்குகிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி முளைக்கும். இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் கவனித்தபடியே இருக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்நோய்க்கென்றே முதல் மருந்துக்கு ஒப்புதல் தந்தது. பாப்சிமியோஸ் என்ற அந்த ஊசி, 6, 11 வகை வைரஸ் தொற்றிய செல்களைத் தாக்கும்படி நோயாளியின் எதிர்ப்பாற்றலைப் பழக்குகிறது. 12 வாரங்களில் நான்கு தடவை தோலுக்கடியில் போடப்படுகிறது. சோதனையில் பங்கேற்ற 35 பேரில் 18 பேருக்கு அடுத்த ஓராண்டு அறுவை தேவைப்படவில்லை. ஆட்கள் கொஞ்சம், ஒப்பீட்டுக் குழு இல்லை; ஆனாலும் அடிக்கடி அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களிடம் கிடைத்த விளைவு இது. ஒப்புதல் பெரியவர்களுக்கு மட்டும்.

தடுப்பு

குழந்தைப் பருவ நோயைக் குறைத்த பெருமை தடுப்பூசியையே சேரும். 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான ஊசியை ஆஸ்திரேலியா 2007இல் தேசியத் திட்டமாகப் போடத் தொடங்கியது. அங்கே புதிதாக நோய் கண்ட குழந்தைகளின் விகிதம் 2012இல் லட்சத்துக்கு 0.16ஆக இருந்தது 2016இல் 0.02ஆகக் குறைந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிறுமிகளும் இளம்பெண்களும்; நோயிலிருந்து தப்பியவர்கள் பின்னாளில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 16, 18 வகைகளுக்கு மட்டுமான செர்வாரிக்ஸ் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும். குரல்வளை மருவுக்கு அது குறிவைக்கப்பட்டதல்ல. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்து 2022இல் இந்திய ஒப்புதல் பெற்ற செர்வாவாக் 6, 11 இரண்டையும் உள்ளடக்கியது. கார்டாசில் ஊசியும் அப்படியே.