எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை?

மான்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐயோவாப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இருபது வெற்று வரிகள் கொண்ட தாளைக் கொடுத்து, ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இருபது விடைகளை எழுதச் சொன்னார்கள். அதிகம் யோசிக்காமல், தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல் எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இதே தாளை 1997இல் வேறு இரு ஆய்வாளர்கள் கென்யாவுக்குக் கொண்டுபோனார்கள். மசாய், சம்புரு இன மக்கள் தந்த விடைகளில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாதவை குடும்பம், குலம் போன்ற சமூக உறவுகள் பற்றியவை. ஆனால் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்களின் விடைகள் அமெரிக்க மாணவர்களின் விடைகளுக்கு மிக நெருங்கி நின்றன. ஒரே நாட்டுக்குள் இத்தனை தூரம். ‘கீழைத்தேயத்தார் இப்படி, மேலைத்தேயத்தார் அப்படி’ என்று பேசிப் பழகியவர்கள் இந்த முடிவின் முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சோதனை தாளில்லாமலே நடக்கிறது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு வரும் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் ஒரு பெரியம்மா வந்து உட்கார்ந்தால் முதல் கேள்வி, ‘எந்தத் தோட்டம்மா?’ அடுத்தது, ‘எந்த டிவிசன்?’ அதன் பிறகு, ‘யாரு வீட்டுப் புள்ள நீ?’ அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சொன்ன பிறகுதான் அவர் முகம் மலரும். நம் சொந்தப் பெயரைக் கடைசியில் கேட்பார், அல்லது கேட்காமலே இறங்கிவிடுவார். அவருக்கு அது குறையாகத் தெரியாது. நாம் யார் என்பது அவருக்குத் தெரிந்தாகிவிட்டது.

ஒருவரை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சமூக ‘நான்’கள் அவருக்கு உண்டு என்ற கருத்தை வில்லியம் ஜேம்ஸ் 1890இல் முன்வைத்தார். பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று நாம் எண்ணுகிறோமோ, அதிலிருந்தே நம்மைப் பற்றிய உணர்வு உருவாகிறது என்றார் சார்ல்ஸ் கூலி. இதற்கு நெருங்கிய சிந்தனை நம்மிடம் சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. உயிர் தனித்து நிற்காது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்கும். ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று அதைச் சொல்வார்கள். ஜேம்ஸும் கூலியும் சமூகத்தைப் பற்றிப் பேசினார்கள், சித்தாந்திகள் மலத்தையும் இறையையும் பற்றிப் பேசினார்கள் என்ற வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் தன்னைத் தானே முழுமையாக உண்டாக்கிக்கொண்ட ‘நான்’ என்று ஒன்று இல்லை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் ராகலையில் கேட்க வேண்டிய கேள்வி இது: மலையகத்து உயிர் இருநூறு ஆண்டுகளாக எதைச் சார்ந்து நின்றது?

முதலில் மண். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் ஈ. வலன்டைன் டானியல், திருச்சி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1984இல் எழுதிய நூலில், தமிழர் தம்மை எப்படி உணர்கிறார்கள் என்பதை ஊரிலிருந்து தொடங்குகிறார். ஊர் மண்ணின் குணம் அங்கே வாழ்பவருக்குள் இறங்கும், அவர் குணமும் மண்ணோடு கலக்கும், ஆகையால் ஒத்துப்போகும் ஊரில் வாழ்வது முக்கியம் என்பது அந்த மக்களின் எண்ணம். இதைப் படிக்கும்போதெல்லாம் அதே திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்தும் கோப்பிக் காலத்தில் கால்நடையாக இந்த மலைக்கு வந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஒவ்வாத மண்ணுக்கு வந்தார்கள். குளிரும் அட்டையும் மலைச்சரிவும் அவர்கள் அறிந்தவை அல்ல. வந்த மண்ணை அவர்கள் தமதாக்கிய விதம் வியப்பானது. கொண்டுவந்த மாரியம்மனும் முனியாண்டியும் இருக்க, தேயிலை ஆலையின் ரோதைக்கு ரோதமுனி பிறந்தார். கவ்வாத்து வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமி பிறந்தார். இந்தியாவின் எந்தக் கிராமத்துக்கும் இந்தச் சாமிகளைத் தெரியாது. இந்த மலையைச் சார்ந்த மனம் இந்த மலையிலேயே கண்டுகொண்ட தெய்வங்கள் அவை. நம் மக்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அடுத்தது வேலை. பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கணக்கு எடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்து, செக்ரோலில் பதிவார்கள். முழு நாளுக்கு ஒரு ‘பேர்’. குறித்த நிறை வராத நாளில் ‘அரைப் பேர்’. ‘இன்னிக்கு அரப் பேருதான் போட்டாங்க’ என்று ஒரு தாய் கூடையை இறக்கிவைத்துச் சொல்லும்போது லயத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. நாள் முழுக்க மலையில் நின்ற ஒரு மனுசி, கணக்கில் பாதியாகிறாள். இதைக் கேட்டு வளரும் பிள்ளையின் மனத்தில் மனித மதிப்பு பற்றி என்ன படியும் என்று உளவியல் கற்றவர்கள் ஆராய வேண்டும். நான் அறிந்தவரை இன்னும் போதிய அளவு ஆராயவில்லை.

மூன்றாவது அரசு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து ‘இந்தியத் தமிழர்’ என்பது தனி வகுப்பு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலானோரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர்களாக்கியது; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துக்கொண்டது. எஞ்சியோர் பிரச்சினைக்கு 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கப்பலேறிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரங்க’. இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். ஜேம்ஸ் சொன்ன சமூக ‘நான்’ இத்தனை கொடூரமாக வேறெங்கும் பிளந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தக் காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது, அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. விண்ணப்பப் படிவம் கொடுத்து, எந்த நாடு வேண்டும் என்று கேட்டபோது ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இந்தியா என்று எழுதினார்கள். ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் இலங்கை என்று எழுதினார்கள். இரண்டு அரசுகளும் போட்ட கணக்கு ஒன்று, மக்கள் தங்களைப் பற்றிச் சொன்ன விடை வேறொன்று.

பதிவேடு இன்றும் நம்மை விட்டபாடில்லை. ஐம்பது வயதில் சேமலாப நிதி எடுக்கப் போகும் ஓர் அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், தோட்டத்துப் பதிவில் வேறுவிதம். காது கேட்டபடி ஒரு கிளாக்கர் எழுதியது, சிங்களத்தில் ஒருவர் எழுதியது, அதை ஆங்கிலத்துக்கு இன்னொருவர் மாற்றியது. மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி அலைய வேண்டும். முப்பது ஆண்டு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர், நான் நான்தான் என்று நிரூபிக்க நிற்கிறார்.

இத்தனைக்கும் பிறகு நம் பிள்ளைகள் கொழும்பில் வேலைக்குப் போகும்போது ‘எந்த ஊர்?’ என்றால் ‘நுவரெலியா’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். தோட்டத்தின் பெயர் வாயில் வருவதில்லை. தன்னை இகழ்வோரின் கண்ணாலேயே தன்னைப் பார்க்க நேரும் துயரத்தை அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1903இல் இரட்டை உணர்வு என்று எழுதினார். நம் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த காது அது. அதே தலைமுறைதான் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை நிமிர்ந்து சொல்லி, அதை 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு வரை கொண்டுவந்திருக்கிறது.

நம் மரபுக்குள் இதற்கு ஒரு மருந்து இருக்கிறதென்றால் அது காமன் கூத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து ரதியாகவும் மதனாகவும் ஆட இருப்பவர்கள் விரதம் காக்கிறார்கள். பகலில் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போன இளைஞன் இரவில் ரதியின் சேலை கட்டி, தப்பு ஒலிக்க, எரிந்துபோன கணவனுக்காக அழுகிறான். சுற்றி நிற்கும் பெண்கள் உண்மையாகவே அழுகிறார்கள். மதன் மீண்டும் எழுகிறான். அந்த இரவுகளில் அவன் பதிவேட்டில் உள்ள தொழிலாளி அல்லன். அவன் கணக்கில் அரைப் பேரும் இல்லை. பிறர் கொடுத்த ஒரே வேடத்துக்குள் மனிதன் அடங்கிவிடுவதில்லை என்பதை ஒரு தோட்டம் முழுவதும் ஆண்டுதோறும் கண்ணால் காண்கிறது. மேலைநாட்டில் இதை நாடகச் சிகிச்சை என்ற பெயரில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கிறார்கள்.

மனிதர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் கதைதான் அவர்களின் சுயம் என்று இன்றைய உளவியலில் ஒரு கிளை சொல்கிறது. நம் கதையை நாம் பெரும்பாலும் துன்பக் கதையாக மட்டுமே சொல்லிவந்திருக்கிறோம். துன்பம் உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனும், மேடையேறிப் பாடிய மீனாட்சி அம்மையாரும், தோட்டம் தோட்டமாகப் பாட்டுகளைச் சேகரித்த சி. வி. வேலுப்பிள்ளையும் அந்தக் கதையில் வர வேண்டும். இலங்கை என்று எழுதிய அந்த ஏழு இலட்சம் பேரும் வர வேண்டும்.

ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டில் பத்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இன்னும் ராகலையிலும் ஹல்கரனோயாவிலும் உடப்புசல்லாவையிலும் இருக்கிறார்கள். இந்த மலரைக் கையில் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஒப்பந்தக் காலத்து விண்ணப்பப் படிவத்தை நம் வீட்டில் யார் நிரப்பினார்கள், இலங்கை என்றோ இந்தியா என்றோ எழுத முடிவெடுத்தது யார், போனவர்கள் யார், பாட்டிக்கு அவருடைய அம்மா வைத்த முழுப் பெயர் என்ன என்று பெரியவர்களிடமே கேட்டு எழுதிவரட்டும். பெயரைச் சொன்னவர் சொன்னபடியே எழுதட்டும்.