பேரன் ‘ஐயா’ ஆனது எப்படி? வீட்டுப்பெயரும் பெயர்விலக்கும்

பிள்ளைகளின் செல்லப்பெயர்களைக் கொஞ்சலின் விளைவு என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். குட்டி, கண்ணு, தங்கம் போன்றவற்றுக்கு அந்த விளக்கம் போதும். தென்மாவட்டங்களில் ஐந்து வயதுப் பையனை ‘ஐயா’ என்றும், தவழும் பெண்குழந்தையை ‘ஆத்தா’ என்றும் பெற்ற தாயே அழைப்பதற்கு அது போதாது. இவ்வகைப் பெயர்களைப் பிறப்பித்தது பெயர் சொல்லத் தடை. அன்பு பிறகு வந்து ஏறியது என்பதே என் வாதம்.

முதற்சான்று ‘பேரன்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘பெயரன்’ என்பதன் மரூஉ அது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். சோழர் இராசகேசரி, பரகேசரி என மாறிமாறிப் பட்டம் பூண்டதிலும் தலைமுறை தாண்டிப் பெயர் திரும்பும் இதே போக்கைக் காணலாம். நகரத்தார் வீடுகளில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடுவது மரபு. இம்முறையால் இக்கட்டில் மாட்டியவள் மருமகள். கணவன் பெயரையோ மாமனார் பெயரையோ அவள் வாயால் சொல்லக் கூடாது. மாமனார் ஆறுமுகம் என்றால் பையனும் ஆறுமுகம். சோற்றுக்குக் கூப்பிடுவதோடு முடிந்தால் பரவாயில்லை; புழுதியில் புரண்டு வந்தவனை வைய வேண்டும், முதுகில் இரண்டு வைக்க வேண்டும். திண்ணையில் மாமனார் வெற்றிலை மென்றுகொண்டிருக்க, ‘ஏலே ஆறுமுகம்’ என்று எப்படிக் குரல் எழுப்புவாள்? அந்த இடத்தில்தான் உறவுச்சொல் கைகொடுத்தது. பெரியவருக்குரிய ‘ஐயா’ பேரன்மேல் இறங்கியது. மாமியார் பெயர் தாங்கியவள் ‘ஆத்தா’ ஆனாள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அம்மா, அப்பா போன்ற சொற்கள் மழலையின் இதழொலிகளிலிருந்து எழுந்தவை என்று மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். சொல்லின் ஒலிவடிவத்துக்கு அது பொருந்தும். அம்மு, பாப்பா இரண்டையும் அவருக்கே விட்டுக்கொடுக்கலாம். மூத்தோருக்குரிய சொல் ஏன் இளையோர்மேல் இறங்குகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. அடுத்த மறுப்பு வலுவானது: அரபு மொழியிலும் தாய் தன் பிள்ளையை ‘மாமா’ என்று அழைக்கிறாள், அங்கே பாட்டன் பெயர்ச் சிக்கலைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் அங்கே மகனாயினும் மகளாயினும் தாய் சொல்வது ‘மாமா’தான், அழைப்பவர் தம்மைக் குறிக்கும் சொல்லையே பிள்ளைக்குத் தருகிறார். தமிழில் தாய் மகனை ‘ஐயா’ என்கிறாள், தந்தை மகளை ‘ஆத்தா’ என்கிறான். சொல்லைத் தீர்மானிப்பது அழைப்பவர் அல்லர், அந்தப் பிள்ளை யாருடைய இடத்தில் நிற்கிறது என்பது. ‘சொல்லுப்பா’, ‘வாம்மா’ போன்ற பொதுவிளிகளை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அவை யாருக்கும் ஒட்டும்.

இந்த வாதத்தைச் சோதிக்க எளிய வழி இரண்டாவது பிள்ளை. முன்னோர் பெயர் மூத்தவனோடு நின்று, இளையவனுக்குப் புதுப்பெயர் வைத்த வீடுகளில், பிறப்பு வரிசையையும் இட்ட பெயரையும் விளிப்பெயரையும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். கொஞ்சல்தான் காரணம் என்றால் ‘ஐயா’ இருவருக்கும் ஒன்றுபோல் விழும். விலக்கு காரணம் என்றால் அது மூத்தவன் பக்கமே சாயும். இளையவனைத் தாய் தயங்காமல் பெயர் சொல்லியே கூப்பிடுவாள்.