பெட்டியின் பின்பக்கம்

காவிரி டெல்டாவின் வீடுகளில் முதன்முதலாகத் தெரிந்த தொலைக்காட்சி பெரும்பாலும் இலங்கையினுடையது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் தஞ்சாவூர் அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. சென்னைக் கோபுரத்தின் அலை அவ்வளவு தூரம் வராது. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. தீவின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உச்சியிலும், வடக்கே கொக்காவிலிலும் அதன் அலைபரப்பிகள் நின்றன. கொக்காவிலிலிருந்து கோடியக்கரை சுமார் 130 கிலோமீட்டர்தான், நடுவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் ஒரே மாவட்டம். அந்த மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஓட்டு வீடுகளுக்கு மேலே இரும்புக் குழாய்கள் எழுந்தன. குழாயின் உச்சியில் அலுமினிய ஆன்டெனா, அதனடியில் பூஸ்டர், முகம் தென்கிழக்கே.

டிவி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவைத் தாண்டியதும் அது வானத்துக்குப் போய்விடும். ஆனால் கடல் மேல் காற்று அடங்கிய கோடை இரவுகளில், தண்ணீரை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்றும் அடுக்காகப் படியும். இரண்டும் சேருமிடம் அலையைக் கீழ்நோக்கி வளைத்து, வாய்க்கால் கரைபோல உள்ளேயே தேக்கி, வெகுதூரம் கடத்திவிடும். அதனால்தான் நடுப்பகலில் திரை முழுக்கப் புள்ளிகளாக இருந்த பெட்டி இரவில் தெளிந்தது; தெளிந்த படம் மழைக்காலத்தில் மறைந்தது. இந்தியாவும் இலங்கையும் ‘பால்’ (PAL) என்ற ஒரே முறையில் ஒளிபரப்பியதால் படம் வண்ணத்தோடு வந்தது, ஒலியும் கூடவே வந்தது. தமிழ்ச் செய்தி வாசித்தவரின் உச்சரிப்பு சற்றே வேறாக இருந்தது என்பதைத் தவிர, அது அயல்நாட்டு நிலையம் என்பதற்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. கொக்காவில் நிலையம் 1990 ஜூலைப் போரில் அழிந்தது. அதற்குள் டெல்டாவுக்கு மாற்றுவழிகள் கிடைத்திருந்தன.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி 1982இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984இல் தூர்தர்ஷன் நாடெங்கும் சிற்றாற்றல் அலைபரப்பிகளை ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாக நிறுவியது. ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்றுக்குப் போதும். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலை அலைபரப்பி வந்ததும் தென்மாவட்டங்களோடு டெல்டாவின் மேற்குப் பகுதியும் தமிழ் ஒளிபரப்பைப் பார்க்கத் தொடங்கியது. ஊராட்சி ‘தொலைக்காட்சி அறை’யும், வசதியானவர் வீட்டுக் கூடமும், அந்தக் கூடத்து ஜன்னலும் பார்வையாளர் இடங்களாயின. இதோடு சேர்ந்து வந்தது ‘டெக்’. வீடியோ கேசட்டை ஓட்டும் கருவிக்குத் தமிழகம் வைத்த பெயர் அது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எதற்கும் வண்ணப் பெட்டியும் டெக்கும் ஓர் இரவுக்கு வாடகைக்கு வந்தன. விடிவதற்குள் மூன்று படம், சில ஊர்களில் நான்கு. ஆன்டெனா கம்பியைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் வேறொன்றைச் செருகலாம் என்று ஊர் கற்றுக்கொண்டது இந்த டெக்கிடமிருந்துதான். வீடியோ விளையாட்டு நுழைந்ததும் அதே துளை வழியாகத்தான்.

வீட்டு டிவியில் விளையாடும் கருவியை ரால்ப் பேர் அமெரிக்காவில் வடிவமைத்தார். 1972இல் அது மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1977இல் அட்டாரியின் கருவி. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம்தான் டெல்டாவைப் பொறுத்தவரை முக்கியமானது, அதுவும் அதன் நகல்கள் வழியாக. தைவானிலும் சீனாவிலும் அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள் 1990களில் இந்தியாவெங்கும் பரவின. ‘லிட்டில் மாஸ்டர்’ போன்ற பெயர்களில் இங்கேயும் விற்பனையாயின. ஃபாமிகாமின் முழுச் சுற்றமைப்பையும் ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் ஒரு சொட்டுக் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிய பெட்டிகள் வந்தபிறகு விலை இன்னும் இறங்கியது. யாரும் ஃபாமிகாம் என்று சொன்னதில்லை. அது ‘டிவி கேம்’.

டிவி கேம் தன் படத்தை ஒரு சிறு ஒளிபரப்பாக்கியே டிவிக்குக் கொடுத்தது. உள்ளே ஒரு குட்டி அலைபரப்பி. அது எழுப்பும் அலை கம்பி வழியே ஆன்டெனா துளைக்குப் போகும். டிவியில் ஏதாவதொரு சேனலைத் திருகித் தேடிப் பிடிக்க வேண்டும். ரூபவாஹினியைத் திருகித் தேடிப் பழகிய கைகளுக்கு அது புதிதல்ல. விளையாட்டு அடங்கிய பிளாஸ்டிக் கட்டைக்கு எல்லாரும் சொன்ன பெயர் கேசட். படம் வராவிட்டால் அதைக் கழற்றி, அடிப்பக்கம் வாயால் ஊதி, மறுபடி அழுத்துவது வழக்கம். உண்மையில் படம் வந்தது ஊதியதால் அல்ல. கழற்றி மாட்டியதில் செப்புத் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதால். எச்சில் ஈரம் நாளடைவில் அந்த முனைகளை அரித்தது என்பதே மிச்சம். ‘9999 இன் 1’ என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகளில் ஏழெட்டு விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வெவ்வேறு எண்ணோடு வந்தன. மரியோ, கான்ட்ரா, டாங்க், வாத்து சுடுவது: 1980களில் ஜப்பானில் பிறந்த இவைதான் பத்து, பதினைந்து ஆண்டு தாமதமாக டெல்டாவின் முதல் விளையாட்டுகளாயின.

இதற்கும் ஒரு பருவம் இருந்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. குறுவை, சம்பா, தாளடி என்று வயல் வேலை மாறி மாறி ஓடி, தை மாசியில் அறுவடை முடியும். நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் பெட்டியோ மிக்ஸியோ வாங்குவார்கள். அதை அடுத்து வருவது பள்ளிக் கோடை விடுமுறை. வயல் தரிசாகக் கிடக்கும், வாய்க்கால் வறண்டிருக்கும், வெயில் வெளியே விடாது. டிவி கேமை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகளுக்கு அதுவே பருவம். வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர்களே பல இடங்களில் இதையும் நடத்தினார்கள். நோட்டுப் புத்தகம், கடிகாரம், வரிசையில் நிற்கும் பையன்கள். பையன்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகள் விளையாடியது வீட்டில் பெட்டி இருந்தால் மட்டும், அதுவும் அண்ணனும் தம்பியும் எழுந்த பிறகு.

அசல் கருவிகள் வந்த வழி வேறு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர், ராஜகிரி, பண்டாரவாடை ஆகிய ஊர்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, புருணை, பிறகு வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்களைச் சபுராளி என்பார்கள். கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர். டேப் ரெக்கார்டரும் டெக்கும் வந்த பெட்டிகளிலேயே விளையாட்டுக் கருவிகளும் வந்தன. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த கருவி இந்தியப் பெட்டியில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், சில சமயம் படம் உருண்டுகொண்டே இருக்கும். அங்கே வண்ணமுறை வேறு. சிங்கப்பூர்க் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை, அங்கும் பால் முறையே. சபுராளி வீட்டுப் பையன் ஊரில் தனி மரியாதை பெற்றதற்கு இந்தத் தொழில்நுட்பமும் ஒரு காரணம்.

2006 சட்டமன்றத் தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி இலவசம் என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது. அக்கட்சியின் அன்றைய தலைவர் மு. கருணாநிதி திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்தவர், 1962இல் தஞ்சாவூர்த் தொகுதியின் உறுப்பினர். ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திட்டம் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் குடும்ப அட்டைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏற்கெனவே பெரிய பெட்டி வைத்திருந்தவர்கள் இதை விற்றார்கள், அல்லது பின்கட்டில் வைத்தார்கள். விளையாட்டின் வரலாற்றுக்கு அந்தப் பின்கட்டுப் பெட்டியே முக்கியம். கூடத்து டிவியில் சீரியல் ஓடும்போதும் இன்னொரு திரை சும்மா இருந்தது. அக்காலத்து வண்ணப் பெட்டிகளில் படத்துக்கும் ஒலிக்குமான மஞ்சள், வெள்ளைத் துளைகளும் இருந்ததால் சேனல் தேடும் வேலையும் ஒழிந்தது.

பிளாஸ்மா டிவி டெல்டாவின் வசதியான வீடுகளுக்கு வந்ததும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான நுண்ணறைகள். அவற்றில் நியான், செனான் வாயுக்கள். மின்சாரம் பாய்ந்ததும் வாயு புற ஊதாக் கதிரை உமிழ, அறைச் சுவரில் பூசிய பாஸ்பர் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் இதைக் கண்டுபிடித்தார்கள், டிவிக்காக அல்ல. பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினியின் முனையங்களுக்கு ஒரு திரை வேண்டியிருந்தது. 1970களில் அந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்மாத் திரைகளில் மாணவர்கள் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, ஒருவரோடொருவர் மோதும் கணினி விளையாட்டுகளை எழுதி ஆடினார்கள். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டின் தொடக்கங்களில் அது ஒன்று. ஆகவே பிளாஸ்மாவில் விளையாடுவது பிளாஸ்மா டிவியை விட மூத்தது.

புதிய பிளாஸ்மா கூடத்தில் மாட்டப்பட்டதும், பின்கட்டிலிருந்த பழைய டிவி கேமைக் கொண்டுவந்து செருகிப் பார்த்த வீடுகளில் முதல் ஏமாற்றம் துப்பாக்கி. வாத்து சுடும் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அது ஒளியை வாங்கும் கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, அடுத்த கணம் வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெள்ளையைத் துப்பாக்கி அதே கணத்தில் கண்டால் வாத்து விழும். பழைய படக்குழாய்ப் பெட்டி, வந்த சமிக்ஞையை அப்படியே கோடு கோடாகத் தீட்டிவிடும். பிளாஸ்மா டிவி அதை வாங்கி, கணக்கிட்டு, தன் அளவுக்கு விரித்து, பிறகே காட்டும். தாமதம் நொடியில் நூறில் சில பங்குதான்; அதற்குள் விளையாட்டு ‘குறி தவறியது’ என்று தீர்ப்பெழுதிவிடும். எவ்வளவு நெருங்கி நின்று சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருந்தது. மரியோ பள்ளத்தைத் தாண்டும் தாவலும் இதே தாமதத்தால் பிசகியது.

இரண்டாவது, அகலம். பழைய படம் நாலுக்கு மூன்று. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் திரையின் நடுப்பகுதி மட்டும் தேயும் என்று பயந்து படத்தை இழுத்து வைத்தார்கள். மரியோ தொந்தி போட்டார். அந்தப் பயம் வீணல்ல. ஒளிர ஒளிர பாஸ்பர் மங்கும். அசையாத ஒன்றை நெடுநேரம் காட்டினால் அதன் தழும்பு நிற்கும். விளையாட்டில் மூலையிலேயே நிற்கும் மதிப்பெண்ணையும் உயிர்ப் பட்டையையும் பற்றிப் பயன்பாட்டுக் குறிப்பேடுகள் எச்சரித்தன. புதுத் திரைக்கு முதல் நூறு மணி நேரம் ஒளியைக் குறைத்து வைக்கவும் சொல்லப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டுப் பிளாஸ்மாக்களில் அழியாத் தழும்பாகப் பதியக் காத்திருந்தது மரியோவின் மதிப்பெண் மட்டுமல்ல. காலை முதல் இரவு வரை அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும்தான். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 போன்ற புதிய கருவிகளை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தபோதே பிளாஸ்மாவின் அருமை தெரிந்தது. ஓடும் படம் இழுபடாமல், கறுப்பு கறுப்பாகவே தெரியும் பெரிய தட்டைத் திரை அன்று வேறு இல்லை.

மூன்றாவது, மின்சாரம். 42 அங்குலப் பிளாஸ்மா முந்நூறு வாட் வரை எடுக்கும். அது நான்கு மின்விசிறிகளின் தீனி. 2008க்குப் பிறகு தமிழகத்தில் மின்வெட்டு முற்றியது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் வந்தன. அவ்வாண்டு மேட்டூர் அணையும் ஜூனில் திறக்கப்படவில்லை, செப்டம்பரில்தான் திறந்தது. குறுவை போயிற்று, சம்பாவும் பல இடங்களில் கருகியது. இன்வெர்ட்டர் பேட்டரியில் விசிறியா, விளையாட்டா என்ற கேள்விக்கு வீட்டுப் பெரியவர்கள் யோசிக்காமல் பதில் சொன்னார்கள்.

சபுராளிகளுக்குப் படக்குழாய்ப் பெட்டியை விமானத்தில் கொண்டுவருவது பெரும்பாடு. தட்டைத் திரை அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். திருச்சி விமான நிலையத்தின் சுமைப் பட்டையில் தட்டை டிவிகள் வரிசையாக வந்த காலம் அது. 2013இல் ரூபாய் சரிந்தபோது, ஆகஸ்ட் 26 முதல் எல்சிடி, எல்இடி, பிளாஸ்மா டிவிகளுக்குப் பயணிகளின் வரிவிலக்கு நீக்கப்பட்டது. ஏறத்தாழ 36 விழுக்காடு சுங்கம். அதே ஆண்டின் முடிவில் பேனசோனிக் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் சாம்சங்கும் எல்ஜியும் நிறுத்தின. எல்இடி விளக்கொளி கொண்ட திரவப் படிகத் திரை மெலிதாக, மலிவாக, பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடியது. பிளாஸ்மாக்கள் பழுதானபோது மாற்றுப் பலகை கிடைக்காமல் ஒவ்வொன்றாகப் பரணேறின. இலவச 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள் பல, 2011இல் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கிய அரசு கேபிளோடும் பின்னர் அதன் செட்டாப் பெட்டியோடும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் முன்னால் வாத்து சுடும் துப்பாக்கி அப்போதும் குறி தவறவில்லை.